பதில்: கிடாரின் இரைச்சலில் அமுங்கும் டபுள் பேஸ்

வணக்கம். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பங்க் என்னும் வேகமான, முரட்டு ராக் இசையையும், ராக்கபில்லி என்னும் தொடக்ககால ராக் அண்ட் ரோல் வகையையும் கலந்து வாசிக்கும் உங்கள் குழுவில், நின்றபடி வாசிக்கும் பெரிய தந்திக்கருவியான டபுள் பேஸ் கிடாருக்கு அடியில் அமுங்கிவிடுவதாகவும், ஒலியைக் கூட்டினால் அது ஊளையிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பேஸ் வாசிப்பவரிடம் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ராக்கபில்லியில் பேஸ் ஒரு தாளக்கருவியும் ஆகும். 1954இல் மெம்ஃபிஸின் சன் நிறுவனம் வெளியிட்ட எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டில் டிரம்ஸே இல்லை. அதில் பேஸ் வாசித்த பில் பிளாக் கம்பியை இழுத்து விரற்பலகையில் மோதவிட்ட ஓசைதான் தாளத்தைத் தாங்கியது. அந்த ஓசைக்கு இடம் கிடைக்க, முதலில் கிடாரின் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை, நன்றாகக் குறைத்து, அதன் தாழ்ந்த ஒலிகளையும் ஆம்ப்ளிஃபையரில் குறைத்துவிடுங்கள். பங்க்கின் ஆவேசம் வேகத்திலும் வலக்கையின் அழுத்தத்திலும் இருப்பதால் அது சிறிதும் குன்றாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

பிறகு, பேஸின் கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் (bridge) ஒரு பிக்கப்பும் (அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சிறு கருவி) விரற்பலகையில் மற்றொன்றும் பொருத்தி, இரண்டின் ஒலியளவையும் தனித்தனியே சரிசெய்யுங்கள். முன்னது சுரத்தையும் பின்னது மோதல் ஓசையையும் தெளிவாகத் தரும். ஊளையைத் தடுக்க, பேஸை ஸ்பீக்கருக்கு நேரெதிரே நிறுத்தாமல், பேஸின் ஒலித்துளைகளை மென்பஞ்சால் அடைத்துப் பாருங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் குடல்நரம்புக் கம்பிகளில் சுருதி எளிதில் நிலைப்பதில்லை; செயற்கை இழைக் கம்பிகளே உங்களுக்குப் பொருந்தும். பிக்கப் வாங்குவதற்கு முன், கிடாரின் ஒலி அமைப்பை மட்டும் மேலே சொன்னபடி மாற்றி ஒருமுறை ஜாமிங் ஸ்டூடியோவில் வாசித்துப் பாருங்கள்.