யாளி என்றால் எது யாளி?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். சேர்வராயன் மலையில் யாளிகள் வாழ்வதாக என் தங்கை கதை எழுதுகிறாள். ‘சிங்க உடலும் யானைத் தலையும் இருந்தால், இருந்தால் மட்டுமே அது யாளி’ என்று கணக்குப் பாடத்து லாஜிக்கை வைத்து வரையறை சொன்னேன். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தம்பி, இந்தச் சுற்றில் ஜெயித்தது தங்கைதான். ‘இருந்தால் மட்டுமே’ என்று எழுதியதுமே சிங்கத் தலையுள்ள சிம்ம யாளி, முதலை போன்ற மகரத்தின் தலையுள்ள மகர யாளி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டாய். சேர வேண்டியது சேராமல் போகிற இந்தக் குற்றத்தைத் தர்க்க நூல்கள் அவ்வியாப்தி என்கின்றன. அதற்காக ‘பல உயிர்களின் உறுப்பு கலந்திருந்தால் யாளி’ என்று அகலமாகத் திறந்துவிட்டாலோ, காமதேனுவும் பிள்ளையாரும்கூட யாளி ஆகிவிடுவார்கள். அது அதிவியாப்தி.

சரி, ‘சிங்க உடல், அதோடு சிங்கத் தலையோ யானைத் தலையோ மகரத் தலையோ’ என்று மாற்றினால்? மனித முகம் கொண்ட புருஷாமிருகம் வெளியே நின்றுவிடும், நல்லதுதான். ஆனால் சிங்க உடலில் சிங்கத் தலை இருந்தால் அம்மனின் சிங்க வாகனமும் யாளி, காட்டில் திரிகிற நிஜச் சிங்கமும் யாளி! அப்புறம் கொம்பு, துருத்திய கண் என்று ஏதாவது ஒரு நிபந்தனையைச் சேர்த்தே ஆக வேண்டும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு இரண்டு பேரும் ஒரு நோட்டோடு போய்த் தூண் தூணாகச் சரிபாருங்கள். வாய்க்குள் கல் உருண்டை உருள்கிற சிற்பத்தைச் சிலர் சிங்கம் என்பார்கள், சிலர் யாளி என்பார்கள், உன் வரையறைக்கு நல்ல பரீட்சை அதுதான்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. உயிரோடு ஒரு யாளியும் கிடையாது, அதனால் ‘எல்லா யாளியும் ஏற்காட்டுக் காபி குடிக்கும்’ என்பது லாஜிக்படி மெய், ‘எந்த யாளியும் காபி குடிக்காது’ என்பதும் மெய்! முதல் கூற்றைப் பொய்யாக்கக் காபி குடிக்காத ஒரு யாளியையாவது பிடித்துவந்து காட்ட வேண்டும், எங்கே போவாய்? ஆகவே எந்த உலகத்து யாளியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள். தங்கையின் கதைக்குள் யாளிகள் நிஜமாகவே இருக்கின்றன, அங்கே அவள் எழுதிய வரிதான் சாட்சி. அடுத்த அத்தியாயத்தில் உன் வரையறைக்குள் அடங்காத ஒரு யாளியைக் கொண்டுவரச் சொல்லு, வந்ததும் கதையில் கை வைக்காமல் உன் நிபந்தனையைத் திருத்து.