ஹால் ஏன் காலியாக இருக்கிறது, தம்பி?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். வயது 29. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஏ (காலை), பி (மதியம்), சி (இரவு) என்று மூன்று ஷிப்ட்டும் வாரம் மாறி வேலை. நான் தீவிர அர்ஜென்டினா ரசிகன். 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியதிலிருந்து இந்த ஜூன் 11-க்காகக் காத்திருக்கிறேன். அன்று தொடங்கும் 2026 கால்பந்து உலகக் கோப்பையில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஒன்றைக்கூட விடுவதாக இல்லை. 12 நாள் மெடிக்கல் லீவு போடப்போகிறேன். 55 இன்ச் டிவிக்கு 6,000 ரூபாய் முன்பணமும் தயார். ஆட்டங்கள் ராத்திரியில் என்றாலும் சத்தம் பிரச்சினை இல்லை. இந்த வருஷம் தோப்பைக் குத்தகைக்கு விடவில்லை, மாங்காய் சீசன் முடியும்வரை அப்பா காவலுக்குப் போய்விடுவார், ஹால் காலியாகத்தான் இருக்கும். மனைவிதான் இரண்டு வாரமாக முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அப்பாவுக்குச் சோறு கட்டி, தூக்குப்போசியை என் முன்னால் டங்கென்று வைக்கிறாள். ஒரு ரசிகனின் மனதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: புரியவைக்க ஒன்றுமில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு ஒரு முறை இந்தப் பஞ்சாயத்து வந்துவிடும். கணவன் ஆட்டம் பார்க்கிறான், மனைவி கோபித்துக்கொள்கிறாள். ஆனால் உங்கள் வீட்டுக் கோபம் பந்தின் மேல் இல்லை. சத்தத்தைப் பற்றிச் சொல்லவந்த இடத்தில், 'அப்பா காவலுக்குப் போய்விடுவார், ஹால் காலியாகத்தான் இருக்கும்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதை நீங்களே இன்னொரு தரம் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மெஸ்ஸிக்கு ஜூன் 24-ல் 39 முடிகிறது என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அப்பாவின் வயது கடிதத்தில் எங்கேயும் இல்லை. கட்டுவிரியன் ஊர்கிற நேரத்தில் டார்ச்சும் தடியுமாக அந்த மனிதர் வரப்பில் நடக்கிறார். உங்கள் கணக்கில் அது 'ஹால் காலி'.

தூக்குப்போசி விஷயத்துக்கு வருவோம். அப்பாவின் சோற்றை உங்கள் முன்னால் ஏன் வைக்க வேண்டும்? 'இதை எடுத்துக்கொண்டு நீ போ' என்கிறார். வாய்விட்டுச் சொன்னால் மாமனார் காதில் விழும், அவர் மனம் நோகும். அதனால் பாத்திரத்தால் சொல்கிறார். இரண்டு வாரமாகத் தினமும் சொல்லியும் உங்களுக்கு ஏறவில்லை. கையும் காலும் திடமாக இருக்கிற மகன் வீட்டில் மெத்தையில் கிடக்க, பெற்றவர் தோப்பில் படுப்பது எனக்கு ஒப்பாத காரியம். ஷிப்ட் வேலை உடம்பை முறிக்கும் என்பது தெரியும். ஆனால் 104 ஆட்டத்துக்குக் கண் விழிக்கத் தயாராக இருக்கிற உடம்புதானே இது?

ஆக, நீங்கள் விழித்திருக்க ஆசைப்படுகிறீர்கள், தோப்புக்கும் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும். போனை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போங்கள், அப்பா ஹாலில் படுக்கட்டும்.

முதலில் நேரக் கணக்கு. கத்தாருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், போன இறுதி ஆட்டம் இரவு 8:30-க்கே தொடங்கியது. இந்த முறை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ. நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டுங்கள். டல்லாஸ், ஹூஸ்டன், கன்சாஸ் சிட்டி என்றால் பத்தரை. மெக்சிகோ நகரங்கள் பதினொன்றரை. லாஸ் ஏஞ்சல்ஸ், சியாட்டில், வான்கூவர் பன்னிரண்டரை. தேதியும் புரளும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அங்கே ஜூன் 16 மாலை ஆட்டம் என்றால் நமக்கு 17 காலை. அந்த ஊர்த் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு ஒரு நாள் முன்கூட்டியே உட்கார்ந்து ஏமாறுவார்கள்.

இப்போது உங்கள் அர்ஜென்டினா. அல்ஜீரியாவோடு ஜூன் 17 புதன் காலை 6:30. ஆஸ்திரியாவோடு ஜூன் 22 திங்கள் இரவு 10:30. ஜோர்டானோடு ஜூன் 28 ஞாயிறு காலை 7:30. பார்த்தீர்களா, குரூப் சுற்றில் உங்கள் அணிக்காக ஒரு ராத்திரிகூட விடிய விடிய விழிக்கத் தேவையில்லை! பிறகு எதற்கு 12 நாள் லீவு, அதுவும் நோய் என்று பொய் சொல்லி? 17 காலை சி ஷிப்ட் முடிந்து வருகிற வாரமானால் கம்பெனி பஸ்ஸிலேயே போனில் பார்க்கலாம். பி ஷிப்ட் என்றால் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பீர்கள். ஏ ஷிப்ட் விழுந்தால் மட்டும்தான் சிக்கல், அதை இப்போதே இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். 22-ம் தேதிக்குச் சி ஷிப்ட் ஆகாது, பி என்றால் திரும்பி வருகிற பஸ். 28 ஞாயிறு. அன்று மாங்காய் ஏற்ற லாரி வருவதாக இருந்தால் ஆட்டத்தை மறந்துவிடுங்கள்.

குரூப் சுற்றில் மொத்தம் 72 ஆட்டம். அத்தனையும் ஆடி வெளியே போவது 16 அணிகள்தான், மீதி 32 அடுத்த சுற்றுக்கு. ஒன்றுவிடாமல் பார்ப்பேன் என்று இந்த 72-க்குச் சபதம் போடுவதில் அர்த்தமே இல்லை. உண்மையான ராத்திரி வேலை பிறகுதான் வருகிறது. அர்ஜென்டினா குரூப்பில் முதலிடம் பிடித்தால் அடுத்த ஆட்டம் மியாமியில், நமக்கு ஜூலை 4 விடியற்காலை 3:30. அரையிறுதிகள் ஜூலை 15, 16 நள்ளிரவு 12:30. இறுதி ஆட்டம் ஜூலை 20, திங்கள் பிறக்கிற நள்ளிரவு 12:30. அந்தத் திங்கள் ஒரு நாள் மட்டும் முறையாக லீவு எழுதிக்கொடுங்கள், காரணத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். ஏ ஷிப்ட் வாரத்தில் 12:30 ஆட்டம் வேண்டவே வேண்டாம். முடியும்போது மணி இரண்டரை. அப்புறம் தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போய் விடியற்காலை பஸ் பிடிப்பதெல்லாம் வேண்டாத வேலை.

தோப்பில் போன் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. வெளிச்சமான திரையைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும். அந்த நேரத்தில் பத்தடி தள்ளி மூட்டை கட்டினாலும் தெரியாது. அதனால் திரை வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்துவையுங்கள். இயர்போன் கூடவே கூடாது. கமென்ட்ரி போனாலும் பரவாயில்லை, கிளை முறிகிற சத்தமும் நாய் குரைப்பதும் காதில் விழ வேண்டும். இந்த உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதியிலும் 22-வது நிமிஷத்தையொட்டி 3 நிமிஷம் தண்ணீர் இடைவேளை உண்டு, எல்லா ஆட்டத்திலும். அப்போது எழுந்து நான்கு பக்கமும் டார்ச் அடியுங்கள். பாதி ஆட்டத்தில் 15 நிமிஷம் கிடைக்கும், வேலியோரம் ஒரு சுற்று முழுதாக நடக்கலாம். ரப்பர் பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள். தரையில் பாய் விரிக்காதீர்கள். கயிற்றுக் கட்டில், அதன்மேல் நான்கு பக்கமும் செருகிய கொசுவலை. கட்டுவிரியன் பெரும்பாலும் தூங்குகிறவனைத்தான் கடிக்கும், கடித்தது பல நேரம் தெரியவும் தெரியாது.

டேட்டாவும் பாருங்கள். படத்தின் தரத்தை 480-ல் வைத்தால் மணிக்குச் சுமார் அரை முதல் முக்கால் ஜிபி, ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை ஜிபி பிடித்துவைத்தால் போதும். தினசரி பேக் நள்ளிரவு 12-க்குப் புதுப்பிக்கும், ஆகவே 12:30 ஆட்டம் மறுநாள் கணக்கை ஆரம்பத்திலேயே தின்றுவிடும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்று எழுதியிருந்தாலும் போனுக்குள் ஏறுவது ஆறாயிரம் சொச்சம்தான். டார்ச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், போன் டார்ச்சை நம்பாதீர்கள். எந்தச் சேனல், எந்த ஆப் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு பணம் கட்டுங்கள்.

டிவி வேண்டாம். அந்த 6,000 ரூபாய் சி ஷிப்ட் வாரக் காவல் கூலிக்கு. நீங்கள் இல்லாத ராத்திரிகளில் அப்பா மறுபடி தடியை எடுக்கக் கூடாது. நம்பகமான ஆளைச் சீசன் உச்சத்தில் தேடினால் கிடைக்கமாட்டான், இன்றைக்கே பேசிவையுங்கள்.

இதை அப்பாவிடம் 'நீங்கள் ஓய்வெடுங்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எனக்கென்ன வயசாகிவிட்டதா' என்பார், பேச்சு அங்கேயே முடியும். ராத்திரி ஆட்டம் இருக்கிறது, எப்படியும் முழித்திருப்பேன், நானே போகிறேன் என்று சொல்லுங்கள். தொடக்க ஆட்டம் மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும், நமக்கு ஜூன் 12 பிறக்கிற நள்ளிரவு 12:30. அதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு ராத்திரி அவரோடு போய்வாருங்கள். வேலி எங்கே பிய்ந்திருக்கிறது, எந்த மூலையில் ஆள் ஏறுகிறான், பெங்களூரா ரக மாமரங்களில் எது முதலில் காய் கொட்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இன்றைக்குச் சாயங்காலம் தூக்குப்போசி டங்கென்று விழுந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.