இரவு ஷிஃப்ட்டும் எக்செல் நேரக் கணக்கும்: வாசகர் கேள்வி–பதில்

மும்பை வாசகர்கள் அனுப்பிய கணினிக் கேள்விகளில், வேலை நேரத்தைக் கணக்கிடுவது பற்றியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். செல் பெயர்களையும் ஃபார்முலாக்களையும் இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம்; தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

கேள்வி: அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் காவலாளிகளை அனுப்பும் அலுவலகத்தில் வருகைப் பதிவைக் கவனித்து வருகிறேன். வெளியேறிய நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால், பகல் ஷிஃப்ட்டுக்குக் கணக்கு சரியாக வருகிறது. இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறவருக்கு மட்டும் செல் முழுவதும் ##### என்று நிரம்பிவிடுகிறது. பத்தியை அகலப்படுத்தியும் பயனில்லை. என்ன செய்வது? – வாசகர், அந்தேரி

பதில்: எக்செல் ஒரு முழு நாளை 1 என்ற எண்ணாகக் கொள்கிறது. 1900 ஜனவரி 1ஆம் தேதியை 1 என்று வைத்து, நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வருவதால், 2023 மார்ச் 15ஆம் தேதி அதன் கணக்கில் 45000 ஆகிறது. நேரம் என்பது அந்த ஒரு நாளின் பகுதி. எனவே காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5, இரவு 10 மணி ஏறத்தாழ 0.9167. நீங்கள் தேதி இல்லாமல் நேரத்தை மட்டும் இட்டிருப்பதால், இரண்டு நேரங்களும் ஒரே நாளைச் சேர்ந்தவை என்று எடுத்துக்கொண்டு 0.25இலிருந்து 0.9167ஐ அது கழிக்கிறது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. அத்தகைய எண்ணை எக்செல்லால் மணியாகக் காட்ட முடியாது என்பதால்தான் ##### வருகிறது.

வந்த நேரம் பி2இலும் வெளியேறிய நேரம் சி2இலும் இருந்தால், =மாட்(சி2-பி2,1) என்று கொடுங்கள். எம், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளாலான இந்தச் செயல்பாடு, விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒரு நாளைக் கூட்டித் தருவதால், சரியாக 8:00 கிடைக்கும். பகல் ஷிஃப்ட்டுக்கும் இதே ஃபார்முலா பொருந்தும் என்பதால் இரண்டையும் பிரித்துவைக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் தொழிலுக்கு இந்த வழி போதாது என்றே கருதுகிறேன். மாற்று ஆள் வராததால் ஒரு காவலாளி சனிக்கிழமை இரவு 8 மணியிலிருந்து ஞாயிறு இரவு 8 மணி வரை நின்றிருந்தால், மேற்கண்ட ஃபார்முலா அவருடைய வேலை நேரத்தைப் பூஜ்யம் என்று காட்டும். 30 மணி நேரம் நின்றவருக்கு 6 மணி என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், அந்த மனிதர் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. எனவே ஒரே செல்லில் தேதியை எழுதி, ஓர் இடைவெளி விட்டு நேரத்தையும் எழுதிவிடுங்கள். 15-3-2023 22:00 என்பதை 16-3-2023 6:00 என்பதிலிருந்து வெறுமனே கழித்தாலே 8 மணி நேரம் வந்துவிடும். எத்தனை நள்ளிரவைக் கடந்தாலும் கணக்கு பிசகாது. தட்டச்சு வேலை சற்றுக் கூடும்தான். இரட்டை டியூட்டி சகஜமான தொழிலில் அந்த உழைப்பைத் தவிர்க்கக் கூடாது.

அமைப்புகளில், நாள்களை 1900க்குப் பதிலாக 1904இலிருந்து எண்ணும் ‘1904 தேதி முறை’க்கு மாற்றினால் ##### போய்விடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். போவது உண்மைதான், ஆனால் அதன் இடத்தில் -16:00 என்று தவறான விடைதான் நிற்கும். அதோடு, அந்தக் கோப்பில் ஏற்கெனவே இட்ட தேதிகள் அனைத்தும் 1,462 நாள்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், முன்னோக்கி நகர்ந்துவிடும். பழைய பதிவுகள் உள்ள கோப்பில் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: தோல் பை தைக்கும் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஒருவர் 26 நாள்கள், நாளொன்றுக்கு எட்டரை மணி நேரம் வேலை பார்த்தார். மொத்தம் 5:00 என்று காட்டுகிறது. அதை மணிக்கூலி 100 ரூபாயால் பெருக்கினால் 920 ரூபாய் 83 காசு வருகிறது. – வாசகி, தாராவி

பதில்: உங்கள் கூட்டலில் தவறில்லை, மொத்தம் 221 மணி நேரம் என்பது செல்லுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. சாதாரண மணி வடிவம் சுவர்க் கடிகாரத்தைப் போல 24 மணி ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், ஒன்பது முழு நாள்களுக்கான 216 மணியை விட்டுவிட்டு மீதி 5 மணியை மட்டும் காட்டுகிறது. கன்ட்ரோல் விசையோடு 1ஐ அழுத்தி, ‘கஸ்டம்’ பகுதியில் [எச்]:எம்எம் என்று கொடுத்தால் 221:00 தெரியும். எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுவதுதான் முக்கியம். கூகுள் ஷீட்ஸில் எண் வடிவங்களில் உள்ள ‘டியூரேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கூலிக்கு இது மட்டும் போதாது. கண்ணுக்கு 221 என்று தெரிந்தாலும், உள்ளே இருப்பது 9.2083 நாள்கள் என்ற எண்தான். அதை 100 ரூபாயால் பெருக்கியதால்தான் 920.83 வந்தது. மொத்தத்தை முதலில் 24ஆல் பெருக்கி மணிகளாக்கி, அதன் பிறகு கூலியால் பெருக்குங்கள்: 22,100 ரூபாய் வரும். விடை வரும் செல் மணி வடிவத்திலேயே இருந்தால், அதைச் சாதாரண எண் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்த 24ஐ ஒவ்வொரு வரிசையிலும் தூவாமல், ‘மொத்த மணி’ என்று தனிப் பத்தி வைத்து அங்கே ஒரே ஒரு முறை பெருக்குவது நல்லது. உங்களுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறப்பவருக்கும் கணக்கு புரியும்.

கேள்வி: சாப்பாட்டு இடைவேளை அரை மணி என்பதால் ஒவ்வொரு நாளிலிருந்தும் 0.5ஐக் கழித்தேன். எல்லாருடைய கணக்கும் குழம்பிவிட்டது. – வாசகர், சயான்

பதில்: நாளை 1 என்று கொள்ளும் இடத்தில் 0.5 என்பது பன்னிரண்டு மணி நேரம். அதற்குப் பதிலாக 0.5/24 என்று கழியுங்கள்.

கேள்வி: எங்கள் கடைப் பேரேட்டில் 8 மணி 30 நிமிடத்தை 8.30 என்று புள்ளி வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். அப்படியே ஷீட்டில் ஏற்றிவிட்டேன். 8.30ஐயும் 8.45ஐயும் கூட்டினால் 16.75 வருகிறது, 17 மணி 15 நிமிடம் அல்லவா வர வேண்டும்? ஆயிரக்கணக்கான வரிகளைத் திரும்ப அடிக்க வேண்டுமா? – வாசகர், மாதுங்கா

பதில்: வேண்டாம். டாலர் என்ற ஆங்கிலச் சொல்லோடு டி, இ ஆகிய இரண்டு எழுத்துகளையும் சேர்த்தால் கிடைக்கும் ‘டாலர்டிஇ’ என்ற செயல்பாடு உங்களுக்கு உதவும். பின்னங்களில் சொல்லப்படும் பங்கு, பத்திர விலைகளைத் தசமமாக்குவதற்காக ஏற்படுத்தப்பட்டது இது. அமெரிக்கப் பங்குச் சந்தைகளில் 2001 வரை பின்ன விலைகளே வழக்கில் இருந்தன. =டாலர்டிஇ(ஏ2,60) என்று கொடுத்தால், புள்ளிக்குப் பின்னுள்ளதை அறுபதில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டு 8.30ஐ 8.5 மணியாகவும் 8.45ஐ 8.75 மணியாகவும் மாற்றித் தரும். கூட்டினால் 17.25, அதாவது 17 மணி 15 நிமிடம். விடை மணிக்கணக்கிலேயே கிடைப்பதால், இதை மறுபடி 24ஆல் பெருக்கக் கூடாது. இனி இடும் வரிகளில் மட்டும் புள்ளிக்குப் பதிலாக 8:30 என்று முக்காற்புள்ளி இடுங்கள். பழைய பத்தியையும் புதிய பத்தியையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: கைரேகை இயந்திரத்திலிருந்து இறக்கிய பட்டியலைக் கூட்டினால் பூஜ்யம் வருகிறது. – வாசகி, செம்பூர்

பதில்: அந்த நேரங்கள் செல்லின் இடது ஓரத்தை ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அவை எண்களாக இல்லை, வெறும் எழுத்துகளாகவே பதிவாகியிருக்கின்றன. ‘சம்’ செயல்பாடு அவற்றைப் பொருட்படுத்தாது. பக்கத்துப் பத்தியில் =பி2*1 என்று கொடுத்துக் கீழே வரை இழுத்து, மணி வடிவம் கொடுத்துவிட்டு, அந்தப் பத்தியைக் கூட்டுங்கள்.