விளையாட்டு வகுப்பில் ஓரத்தில் உட்காரும் பிள்ளைகள்: கேள்வி பதில்

எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து உடற்கல்வி நடத்துவது பற்றி டர்பன் வட்டாரத் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு, இத்துறையில் ஆய்வு செய்யும் அக்காவின் பதில்கள்.

அக்கா, சாட்ஸ்வொர்த்தில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். 42 பிள்ளைகள். ஒருவன் சக்கர நாற்காலியில் வருகிறான். நெட்பால் நேரத்தில் புள்ளி எழுத வைக்கிறேன். வேறு வழி உண்டா?

தம்பி, புள்ளி எழுதும் பிள்ளைக்கு அன்று உடற்கல்வி நடக்கவில்லை என்றே கணக்கு. இடம், வேலை, கருவி, ஆட்கள் என நான்கைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

புல்லை விட்டுத் தார்த் தளத்துக்கு வாருங்கள். நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை, மண்ணில் புதைந்து நின்றுவிடும். வகுப்பை ஏழேழு பேராகப் பிரித்து, நால்வருக்கு எதிராக மூவர் ஆடட்டும். அவன் நால்வர் பக்கம். பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கினால் மடியில் பட்டுத் துள்ளி ஓடாது. நெட்பாலில் தடுப்பவர், பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளி நிற்பது ஏற்கெனவே விதி. அவனுக்கு மட்டும் அதை 1.5 மீட்டராக்குங்கள். பந்தோடு இரண்டு முறை சக்கரத்தைத் தள்ளலாம், அதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

“அவன் கையில் பந்து போன பிறகே கோல்” என்று மட்டும் விதி வைக்காதீர்கள். பிள்ளைகள் ஒருமுறை கடமைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தாண்டும் பாடத்துக்கு உடற்கல்வி அறிஞர் மஸ்கா மாஸ்டன் சொன்ன சாய்ந்த கயிறு போதும். ஒரு முனை 20 செ.மீ., மறுமுனை 80 செ.மீ. உயரம். எங்கே தாண்டுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும். கயிற்றை மட்டமாகக் கட்டி உயர்த்திக்கொண்டே போனால், பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியேறும்.

ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன் அக்கா. என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். கழுத்துக்கு ஆபத்து என்று பள்ளியில் எந்த விளையாட்டுக்கும் விடுவதில்லை.

பயம் பொய்யில்லை அம்மா, ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் பொருந்தாது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு சிலருக்கு இருக்கும். டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, டிராம்போலின், தலைகுப்புறத் தண்ணீரில் பாய்வது வேண்டாம். நடை, ஓட்டம், பந்து, நடனம் எல்லாம் செய்யலாம். கழுத்து வலி, தலை ஒருபக்கம் சாய்வது, நடை திடீரென மாறுவது, புதிதாகச் சிறுநீர் அடக்க முடியாமல் போவது என எது தெரிந்தாலும் உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள். இந்தப் பட்டியலை டாக்டர் கையெழுத்தோடு பள்ளியில் கொடுங்கள். “உடற்கல்வி வேண்டாம்” என்ற ஒற்றை வரிச் சீட்டை வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிப்பது பற்றித் தென்னாப்பிரிக்க அரசு 2001-இல் வெளியிட்ட கொள்கையான ஆறாம் வெள்ளை அறிக்கையே அடிப்படை. ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள்ளேயும் விளையாட்டில் சம வாய்ப்பு வேண்டும் என்கிற, ஊனமுற்றோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவைத் தென்னாப்பிரிக்கா 2007-இல் ஏற்றது. கேப்ஸ் என்னும் தேசியப் பள்ளிப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு மணி நேரம் உடற்கல்விக்கு உண்டு. பள்ளியின் ஆதரவுக் குழுவிடம், பிள்ளையின் தனி ஆதரவுத் திட்டத்தில் உடற்கல்வியையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாசிப்பும் கணக்கும் மட்டுமே அதில் ஏறுகின்றன.

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். ‘சேர்த்துக்கொண்டார்கள்’ என்பதை எப்படி அளப்பது?

ஆசிரியரிடம் கேட்டால் எல்லாரும் ஆடுகிறார்கள் என்பார், மனதார நம்பியே சொல்வார். ஆகவே நேரத்தை அளக்க வேண்டும் தம்பி. உடற்கல்வி ஆய்வாளர் டாரில் சீடன்டாப்பும் அவர் மாணவர்களும் உருவாக்கிய ஏ.எல்.டி.-பி.இ. (உடற்கல்வியில் கற்கும் நேரம்) முறையில் 6 விநாடி பார்த்து, அடுத்த 6 விநாடியில் குறிப்பீர்கள். நிமிடத்துக்கு ஐந்து குறிப்பு. பிள்ளை காத்திருக்கிறதா, கேட்கிறதா, அசைகிறதா. அசைந்தால் அந்த வேலை அதன் திறனுக்கு ஏற்றதா என்பதே கேள்வி. ஊனமுள்ள ஒரு பிள்ளை, ஊனமில்லாத ஒரு பிள்ளை என மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால், குறை பாடத்திலா சேர்ப்பதிலா என்று பிரிக்க முடியாது. இன்னொருவரும் அதே வகுப்பைத் தனியே குறிக்கட்டும். 80 விழுக்காட்டுக்குக் கீழே ஒத்துப்போனால் வரையறைகளைத் திரும்ப எழுதுங்கள். பிறகு பிள்ளைகளிடம் பேசுங்கள். அசைந்த பிள்ளை தனிமையாகவும் இருந்திருக்கலாம், அது எண்ணிக்கையில் வராது. பெற்றோர் அனுமதியோடு பிள்ளையின் சம்மதமும் தேவை.

மீர்பேங்கில் பாதி வகுப்புக்கு ஆஸ்துமா மாதிரி இருக்கிறது அக்கா.

பம்ப் பிள்ளையின் பையிலோ உங்கள் கையிலோ இருக்கட்டும், ஆபீஸ் அலமாரியில் பூட்டினால் பயனில்லை. முன்கூட்டி எடுக்க டாக்டர் சொல்லியிருந்தால் 15 நிமிடம் முன்பு. பிறகு 10 நிமிடம், கொஞ்சம் ஓடி கொஞ்சம் நின்று உடலைத் தயார் செய்யட்டும். காற்றில் நெடி வீசும் நாளில் உள்ளே நடத்துங்கள்.

கண் தெரியாத பையனுக்கு மணிப்பந்து வாங்கப் பணமில்லை.

சாதாரணப் பந்தை மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுங்கள். சரசரவென்று சத்தம் வரும். நின்றால் சத்தம் போய்விடும், அதனால் எறியாமல் உருட்டுங்கள். தரையில் நூல்கயிறு போட்டு மேலே டேப் ஒட்டினால், காலாலும் கையாலும் கோட்டைத் தொட்டறிவான். பந்து உருளும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. இதை முதல் நாளே பழக்குங்கள்.