இரண்டு நினைவுகளும் முடமான கால்களும்: வேதாகமக் கேள்வி பதில்

பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடக்கும் எங்கள் வேதபாட வகுப்பில் 1 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தைப் படித்து முடித்தோம். அதன்பின், கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி கேட்ட கேள்வியைக் குறித்தும் வேதாகமத்தில் வரும் கால் முடமானவர்களைக் குறித்தும் பலர் கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வசனங்களை, நம் வீடுகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

"நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்" என்று எலியா ஜனங்களைக் கேட்கிறார். அப்படியானால் அவர்கள் கர்த்தரை முழுவதும் விட்டுவிடவில்லையா, ஐயா? (லிங்கராஜபுரம், மென்பொருள் துறை ஊழியர்)

விட்டுவிடவில்லை, தம்பி. கர்த்தருக்கும் அக்கம்பக்கத்தார் கும்பிட்ட பாகால் என்னும் தெய்வத்துக்கும் நடுவே நொண்டி நடப்பதையே எலியா 'குந்திக்குந்தி நடப்பது' என்கிறார். விட்டுவிட்டிருந்தால் எலியா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். ஆகாப் ராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சமாரியாவில் பாகாலுக்குக் கோவில் கட்டியவன் அவன். ஆனால் தன் குமாரருக்கு அகசியா, யோராம் என்று கர்த்தருடைய நாமம் அடங்கிய பெயர்களையே வைத்தான். மேடையில் பாகால், தொட்டிலில் கர்த்தர் என்று அந்த அரண்மனை நடந்துகொண்டிருந்தது.

ராஜா மட்டும் அப்படி இருக்கவில்லை. 1910இல் சமாரியாவில் அகழாய்வு செய்தவர்கள், எண்ணெயும் திராட்சரசமும் வந்து சேர்ந்ததைக் குறித்துவைத்த ஓட்டுத்துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். அவை எலியாவின் காலத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. அவற்றில் கர்த்தருடைய நாமத்தைத் தாங்கிய பெயர்களும் பாகாலின் பெயரைத் தாங்கிய பெயர்களும் கலந்தே வருகின்றன. எலியா சுட்டிக்காட்டிய நோய் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை அந்தச் சில்லறைக் கணக்கு ஓடுகள் நமக்குக் காட்டுகின்றன.

ஜனங்கள் ஏன் இப்படி இரண்டையும் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு மழைதான் விடை. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் மேகங்களின்மேல் ஏறிவருபவனாகவும், இடிக்கும் மழைக்கும் அதிபதியாகவும் பாடப்படுகிறான். எகிப்திலிருந்து மீட்டவர் கர்த்தர் என்பதை இஸ்ரவேல் விவசாயி மறுக்கவில்லை. ஆனால் இந்த வருஷத்து விளைச்சலுக்கு யாரைக் கேட்பது என்று வந்தபோது, அக்கம்பக்கத்தார் கும்பிட்ட மழைத் தெய்வத்தையும் ஒதுக்க அவனுக்குத் துணிவில்லை. ஓசியா 2:8இல் கர்த்தர் சொல்லும் குறையும் இதுவே: தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் கொடுத்தவர் தாமே என்பதை அவள், அதாவது இஸ்ரவேல், அறியாமற்போனாள் என்கிறார். ஆகவே எலியாவின் நாளில் பாகாலின் சொந்தத் துறையான மழையே நிறுத்தப்பட்டது தற்செயல் அன்று.

எலியா கேட்டதற்கு ஜனங்கள் "பிரதியுத்தரமாக அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை" என்று அந்த வசனம் முடிகிறது. இந்த மௌனத்தை நான் அறியாமையாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் ஒன்றை இழக்க நேரிடும் என்பதை நன்றாக அறிந்தவர்களின் மௌனம் அது.

எனக்குச் சிறுவயதில் போலியோ வந்து வலதுகால் வலுவிழந்தது. ஒரு பிரசங்கத்தில், நொண்டி நடப்பது பாவ வாழ்க்கைக்கு அடையாளம் என்று விளக்கினார்கள். சபையில் பலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வேதம் அப்படித்தான் சொல்லுகிறதா, ஐயா? (அல்சூர், ஆசிரியை)

இல்லை, அம்மா. அந்தப் பார்வைகளை நீங்கள் ஆலயத்துக்குள்ளேயே தாங்க நேர்ந்ததற்காக மிகவும் வருந்துகிறேன்.

எலியா நடையைச் சொல்லிக் கடிந்துகொண்டது, திடமான கால்களோடு மலையேறி வந்து நின்ற ஒரு ஜனக்கூட்டத்தை. கால் ஊனமான எவரையும் அவர் அங்கே கடிந்துகொள்ளவில்லை. இரு பாதைகளில் ஒரே நேரத்தில் போக முயலுகிறவர்களின் தடுமாற்றத்தை அவர் ஓர் உவமையாகச் சொன்னார். அந்த உவமையைத் தலைகீழாகத் திருப்பி, ஊனமுற்றவரின் உடலைப் பாவத்தின் படமாகக் காட்ட வசனத்தில் இடமே இல்லை. பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார் (யோவான் 9:3). பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனிடம் "இனிப் பாவஞ்செய்யாதே" என்று அவர் சொன்னதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது அந்த ஒருவனுக்குச் சொல்லப்பட்ட சொல். அதைப் பொதுவிதியாக்கவிடாமல் யோவான் 9 நம்மைத் தடுக்கிறது.

சவுல் ராஜாவின் பேரனும் யோனத்தானின் மகனுமான மேவிபோசேத்தின் வரலாற்றை நீங்கள் ஒருமுறை முழுவதும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சவுலும் யோனத்தானும் மாண்ட செய்தி வந்தபோது அவன் ஐந்து வயதுக் குழந்தை. அவனை எடுத்துக்கொண்டு தாதி ஓடிய அவசரத்தில் விழுந்து முடமானான் (2 சாமுவேல் 4:4). யார் பாவமும் அங்கே காரணமாகச் சொல்லப்படவில்லை. போரும் பயமும் ஒரு குழந்தைக்குச் செய்ததையே வேதம் சொல்லுகிறது. பின்னாளில் தாவீது லோதேபாரிலிருந்து அவனை அழைப்பித்துத் தன் பந்தியில் உட்காரவைத்தான். அந்த 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், அவன் நித்தம் ராஜாவின் பந்தியில் அசனம்பண்ணியதையும், அவனுடைய இரண்டு கால்களும் முடமாயிருந்ததையும் அடுத்தடுத்தே சொல்லுகிறது. பந்தியில் இடம் கிடைக்க அவன் குணமாக வேண்டியிருக்கவில்லை.

அதே மேவிபோசேத்து, தாவீதின் மகன் அப்சலோமின் கலகத்தின்போது ஊழியக்காரன் சீபாவால் வஞ்சிக்கப்பட்டு எருசலேமிலேயே தங்க நேரிடுகிறது. தாவீது திரும்பி வரும்வரை அவன் தன் கால்களைச் சுத்தம்பண்ணாமலும் தாடியைச் சவரம்பண்ணாமலும் துக்கித்திருந்தான். ராஜா நிலத்தைப் பங்கிட்டபோது, எல்லாவற்றையும் சீபாவே எடுத்துக்கொள்ளட்டும், ராஜா சமாதானத்தோடே வந்தாரே, அது போதும் என்றான் (2 சாமுவேல் 19). இரண்டு கால்களும் முடமானவன் அந்த நாட்டில் ஒரே மனதோடு நின்றான். அகித்தோப்பேலைப் போன்ற, கால்கள் திடமாயிருந்த ஆலோசனைக்காரர் பக்கம் மாறிப்போனார்கள். முடத்தையும் மனத்தடுமாற்றத்தையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு வரலாறே போதுமான மறுப்பு.

உங்கள் ஆயரிடம் நேரில் பேசுங்கள். வேண்டுமானால் நானும் உடன் வருகிறேன். ஆலய வாசலில் சாய்தளம் இல்லையென்றால் அதையும் சேர்த்தே கேட்போம். எபிரெயர் 12:13, "முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படிக்கு, உங்கள் பாதங்களுக்கு வழிகளைச் செவ்வைப்படுத்துங்கள்" என்று முழுச் சபைக்கும் சொல்லுகிறது. வழியைச் செவ்வைப்படுத்தும் வேலை அங்கே முடமானவர்மேல் மட்டும் சுமத்தப்படவில்லை. எத்தனையோ ஆலயங்களில் ஒலிபெருக்கிக்கும் அலங்கார வளைவுக்கும் எளிதாகப் பணம் சேருகிறது. நாலு படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் வைப்பது மட்டும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படுகிறது. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அப்படியானால் லேவியராகமம் 21இல் சப்பாணியான ஆசாரியன் பலிசெலுத்தக் கூடாது என்று ஏன் இருக்கிறது? (சிவாஜிநகர்)

கடினமான பகுதிதான், அதை மென்மையாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. பலிபீடத்தண்டையில் வரும் மிருகமும் பழுதற்றிருக்க வேண்டும், ஆசாரியனும் பழுதற்றிருக்க வேண்டும் என்பது அந்த ஆசரிப்புக் கூடாரத்தின் ஒழுங்கு. ஆயினும் 22ஆம் வசனத்தைப் பலர் வாசிக்காமல் கடந்துவிடுகிறார்கள்: அப்படிப்பட்டவன் மகா பரிசுத்தமானவைகளிலும் புசிக்கலாம் என்று அது சொல்லுகிறது. அவனுடைய ஆசாரிய வம்சமும் பங்கும் எடுக்கப்படவில்லை.

இந்த ஒழுங்கோடு வேதம் நின்றுவிடவும் இல்லை. ஏசாயா 35, முடவன் மானைப்போல் குதிப்பான் என்கிறது. எரேமியா 31:8, சிறையிருப்பிலிருந்து திரும்பும் கூட்டத்தில் குருடரையும் சப்பாணிகளையும் சேர்த்தே எண்ணுகிறது. இயேசு தேவாலயத்திலிருந்து காசுக்காரரைத் துரத்தியவுடன், குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்திலேயே அவரிடத்திற்கு வந்தார்கள் என்று மத்தேயு 21:14 சொல்லுகிறது. அப்போஸ்தலர் 3இல், அலங்கார வாசலுக்கு வெளியே நாள்தோறும் வைக்கப்பட்ட, நாற்பது வயதுக்கு மேற்பட்ட மனிதன், குணமானவுடன் பேதுருவோடும் யோவானோடும் தேவாலயத்துக்குள் பிரவேசித்தான். அவன் குதித்ததைப் பற்றி நாம் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவன் உள்ளே போனதும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டிய செய்தி.

"குருடரையும் சப்பாணிகளையும்" தாவீது வெறுத்தான் என்று 2 சாமுவேல் 5:8இல் வருகிறதே?

எருசலேமைப் பிடிக்க வந்த தாவீதை, அங்கே குடியிருந்த எபூசியர், குருடரும் சப்பாணிகளுமே உன்னைத் தடுத்துவிடுவார்கள் என்று ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்துக்கு எதிரான போர்க்களப் பேச்சாகவே இதை நான் வாசிக்கிறேன். நான்கு அதிகாரங்கள் தள்ளி அதே தாவீது, அதே எருசலேமில், யாரைத் தன் பந்தியில் உட்காரவைத்தான் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

யாக்கோபு நொண்டி நடந்தது தண்டனையா, ஆசீர்வாதமா? (கம்மனஹள்ளி)

யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியுமட்டும் போராடிய யாக்கோபு, தொடைச்சந்து சுளுக்கியபின்னும் "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்றான். இஸ்ரவேல் என்னும் பெயரும் ஆசீர்வாதமும் அதற்குப் பின்னரே அவனுக்குக் கிடைக்கின்றன. அதுவரை அவன் வாழ்க்கையே இரட்டை வழிதான். தன் அண்ணன் ஏசாவுக்குப் பயந்து ஜனங்களையும் ஆடுமாடுகளையும் இரண்டு பகுதியாகப் பிரிக்கிறான். ஜெபமும் செய்கிறான், வெகுமதிகளையும் முன்னே அனுப்புகிறான். அந்த இரவில், ஓட முடியாத காலோடு, ஒருவரை மட்டும் பற்றிக்கொண்டு நிற்க வேண்டிய நிலைக்கு வருகிறான். மறுநாள் காலையில் எல்லாருக்கும் பின்னால் இருந்தவன், தானே அவர்களுக்கு முன்னாக நடந்துபோய் ஏசாவைச் சந்திக்கிறான். ஆகவே, கர்மேலில் எலியா சொன்ன நடைக்கு நேர் எதிரான நடை என்று, அவன் போராடிய இடமான பெனியேலில் யாக்கோபு நடந்ததைச் சொல்லுவேன்.

எனக்கு ஜெபத்தைக் குறித்து நிறையச் சந்தேகங்கள் இருக்கின்றன. நான் யாக்கோபு 1:8 சொல்லும் இருமனமுள்ளவளா? (கல்லூரி மாணவி, ஃபிரேசர் டவுன்)

சந்தேகத்தோடு அவரிடத்திற்கே போகிறவள் இருமனமுள்ளவள் அல்ல, மகளே. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்ட தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை குணமானான். தோமாவுக்காகவும் அவர் மறுபடியும் வந்தார். எலியாவே கர்மேலுக்கு அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். அவருக்குக் கண்டனம் வரவில்லை, சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன. யாக்கோபின் நிருபம் கண்டிப்பது, கேட்கும்போதே வேறோர் ஆதாயத்தையும் கையில் வைத்துக்கொள்ளும் மனதை. 4ஆம் அதிகாரத்தில் உலக சிநேகத்தைப் பேசியபின் அவர் மறுபடியும் "இருமனமுள்ளவர்களே" என்று அழைப்பதைச் சேர்த்து வாசியுங்கள்.

ஆயுத பூஜை அன்று எங்கள் அலுவலகத்தில் கணினிகளுக்குக்கூடப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பூஜை செய்கிறார்கள். நான் அங்கே நிற்பது இரண்டு நினைவுகளால் நடப்பதாகுமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

இந்த ஊரில் வேலைசெய்யும் விசுவாசிகள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. 2 இராஜாக்கள் 5இல் சிரியாவின் படைத்தலைவன் நாகமான், இனிக் கர்த்தரை மட்டுமே சேவிப்பேன் என்று தீர்மானித்தபின், தன் ராஜா ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலில் தன் கையின்மேல் சாய்ந்துகொண்டு பணியும்போது தானும் பணிய நேரிடுமே என்று எலிசாவிடம் வெளிப்படையாகச் சொல்லுகிறான். எலிசா "சமாதானத்தோடே போ" என்றார். ஒபதியா ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரனாகவே இருந்து, நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் கெபிகளில் ஒளித்துவைத்துப் பராமரித்தான். அவன் கர்த்தருக்கு மிகவும் பயந்து நடக்கிறவன் என்றே வேதம் சாட்சி சொல்லுகிறது. ஆகவே எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை வைத்து மட்டும் வேதம் ஒருவரை இருமனத்தார் என்பதில்லை.

என் கருத்து இது: உடன் பணியாற்றுகிறவர்களின் பண்டிகைக்கு மரியாதையோடு உடனிருக்கலாம், பொரியும் கடலையும் பகிரும் அவர்களுடைய அன்பை அவமதிக்க வேண்டியதில்லை. வழிபாட்டுச் செயலில் பங்கெடுக்க உங்கள் மனச்சாட்சி இடங்கொடாவிட்டால், முன்கூட்டியே உங்கள் மேலாளரிடம் அமைதியாகச் சொல்லிவிடுங்கள். பிரசாதத்தைக் குறித்து 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை வாசித்து நீங்களே முடிவெடுங்கள். இதில் ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பதவி உயர்வு உங்களுக்கு யாரிடமிருந்து வரும் என்று உள்ளூர நம்புகிறீர்கள்? கர்மேலின் கேள்வி அந்த இடத்தில்தான் நம்மைத் தொடுகிறது.

காலையில் எங்கள் சபை, மாலையில் வேறொரு ஜெபக்கூட்டம் போகிறேன். இதுவும் தவறா?

தவறில்லை. இரண்டு இடத்திலும் ஒரே ஆண்டவரையே ஆராதிக்கிறீர்கள்.

எனக்கு இருபத்தாறு வயது. திடப்படுத்தலை, அதாவது சபையின் முன் என் விசுவாசத்தை நானே உறுதிசெய்யும் சடங்கை, மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டேன். மனம் தெளிந்தபின் வரலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? (பாணஸ்வாடி)

கர்மேலில் ஜனங்கள் பதில் சொல்லாமல் நின்றபோது எலியா அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. "என் கிட்டே வாருங்கள்" என்று அழைத்தார் (18:30). அவர்கள் கிட்டே வந்தபின், தகர்க்கப்பட்ட பலிபீடத்தைச் செப்பனிட்டார். ராஜ்யம் இரண்டாகப் பிரிந்திருந்த நாளிலும் பன்னிரண்டு கற்களை எடுத்தார். நாலு குடம் தண்ணீரை மூன்று தரம் ஊற்றச் சொன்னார். கர்த்தரே தெய்வம் என்ற அறிக்கை அதற்குப் பின்னரே, 39ஆம் வசனத்தில், அவர்கள் வாயிலிருந்து வருகிறது. எட்ட நின்றபடியே அவர்கள் தெளிவடைந்துவிடவில்லை.

நீங்களும் எட்ட நின்று தெளிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வருகிற திடப்படுத்தல் வகுப்பில் சேருங்கள். சேர்ந்தவுடனே வாக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்களைத் தடுப்பது எது என்பதை ஒரு தாளில் எழுதி ஆயரிடம் கொடுங்கள். அறிவுக்கு எட்டாத கேள்வியானால் அதைப் பேசிப் பார்க்கலாம்; விட மனமில்லாத ஏதோ ஒன்றானால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதன்பின் யோசுவா 24ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அங்கே யோசுவா, ஜனங்கள் உடனே "சேவிப்போம்" என்று சொன்னதைக்கூட எளிதில் ஏற்றுக்கொள்ளாமல், உங்களால் முடியாது என்று எச்சரித்து மறுபடியும் யோசிக்க வைக்கிறார். வகுப்பின் முடிவில் உங்களால் மனதார "ஆம்" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்; முடியாவிட்டால் அதையும் ஆயரிடமே சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறும் ஆராதனைக்கு வாருங்கள்.