கேம்பர் வேனில் சுற்றுலா போகும் விருந்தினர்களுக்கு வரவேற்பு உணவுக் கூடை தயாரிக்க வேண்டும். என்னென்ன வைக்கலாம்?

என் தம்பி சென்னையில் இரண்டு கேம்பர் வேன்களை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டிகளை, வாடகைக்கு விடுகிறான். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் வண்டிகள் கிளம்பும். அதனால், "அக்கா, சாப்பாட்டுக் கூடை உன் பொறுப்பு" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டான். மூன்று வருடமாக நானும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் கூடையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பால்கோவா, சாக்லேட், கண்ணாடி பாட்டிலில் ஆவக்காய், ஒரு பாக்கெட் இட்லி மாவு. எல்லாவற்றையும் பளபளப்புத் தாளில் சுற்றி ரிப்பன் வேறு கட்டியிருந்தேன். அக்னி நட்சத்திர வெயில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வருவதற்குள் ஒரு வேகத்தடையில் ஆவக்காய் பாட்டில் உருண்டு உடைந்துவிட்டது. மாமல்லபுரத்தில் வேனைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக் கோயிலைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு உருகிய சாக்லேட்டும், பொங்கிப் பலூனாகியிருந்த மாவும் காத்திருந்தன. மெத்தை உறையை நான்கு முறை துவைத்தேன். மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகவில்லை.

கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்று கேட்பார்கள். என் கணக்கில் ஒரு ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும்தான். புது வண்டியை ஓட்டிக் களைத்து, இருட்டிய பிறகு எங்கேயோ நிறுத்துவார்கள். அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்பதே அப்போதுதான் பிடிபடும். அந்த வேளைக்குக் கை கொடுக்கிற கூடை போதும். மூன்று நாள் சாமான்களைத் திணித்தால் பாதி அப்படியே திரும்பி வரும்.

முதல் ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இருவருக்குப் பத்து. அந்தக் காலத்து ரயில் பயணக் கட்டுச்சாதத்துக்கு இணையாக எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. இட்லி நன்றாக ஆறிய பிறகுதான் பொடியும் நல்லெண்ணெயும் தடவ வேண்டும். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்து, மாலைக்குள் பிசுபிசுத்துவிடும். வாழையிலையை அடுப்புத் தணலில் ஒருமுறை காட்டி எடுத்தால் மடிக்கும்போது கிழியாது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் மதியத்துக்கே புளித்துவிடும்.

காலையில் காபி. இதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. சிறிய எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று வேனிலேயே நிரந்தரமாக இருக்கிறது. கூடையில் 100 கிராம் காபிப் பொடி, சர்க்கரை, டெட்ரா பேக் பால். பிரிக்காதவரை அந்தப் பாலுக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. பாக்கெட் பால் வைத்து, அது திரிந்து, பயணத்தின் முதல் காலையே கறுப்புக் காபியோடு விடிந்த கதையும் என்னிடம் உண்டு.

அடுத்தது புளிக்காய்ச்சல். புளியோதரையாகக் கிளறிக் கொடுத்தால் மறுநாள் விறைத்துவிடும். 200 கிராம் புளிக்காய்ச்சலும் அரைக் கிலோ பச்சரிசியும் கொடுத்தால், எப்போது பசிக்கிறதோ அப்போது சாதம் வடித்துக் கலந்துகொள்வார்கள். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. கொறிக்கக் கடலை மிட்டாய். வெயிலில் சாக்லேட் போல உருகி ஓடாது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிச் சரக்கு கிடைத்தால் நல்லது. முறுக்கு வைத்தால் தூள்தான் போய்ச் சேரும், தட்டை ஓரளவு தாங்கும். வாழைப்பழம் காயாக இருக்கிற சீப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

புது வீட்டுக்கு முதலில் உப்பையும் மஞ்சளையும் கொண்டுபோகிற ஊர் நம்முடையது. ஆனாலும் வேனில் உப்பு வைக்க நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன். உப்பு, தீப்பெட்டி, 100 மில்லி நல்லெண்ணெய், பாத்திரம் தேய்க்க ஒரு சோப்புத் துண்டு. விருந்தினர் தொலைபேசியில் நன்றி சொல்வது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

மலைக்குப் போகிறவர்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இஞ்சி மரப்பாவும் உப்பு நார்த்தங்காயும் இல்லாமல் அந்தப் பக்கம் நான் கூடை அனுப்புவதில்லை. கூடவே குரங்குகளுக்காக ஓர் எச்சரிக்கை: ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு நகர்ந்தால் கூடை அவற்றுக்குத்தான். இரண்டு நாள் முன்பு பேசும்போதே நிலக்கடலை ஒவ்வாமை, வெங்காயம் பூண்டு, காரம், குழந்தைகள் பற்றியும் கேட்டுவிடுகிறேன். ஒவ்வாமையை மட்டும் இரண்டு தடவை கேட்பேன்.

பூனாவிலிருந்து வந்த ஒரு தம்பதியருக்குப் பருப்புப் பொடி வைத்திருந்தேன். அவர்கள் அதை வெந்நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, "சூப் பிரமாதம்" என்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: இது என்ன, எதோடு சாப்பிடுவது, என்று செய்தது, எதுவரை தாங்கும்.

பளபளப்புத் தாளை விட்டுவிடுங்கள். உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. அதைப் பார்த்து விருந்தினர் மயங்குவதும் இல்லை. கொலு சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போகும்போது பனையோலைப் பெட்டிகளை மொத்தமாக வாங்கிவிடுவேன். அடி தட்டையாக இருப்பதால் ஆடாது, காலியானதும் வெங்காயம் போட்டுக்கொள்ளலாம். மேலே இருக்கும் அலமாரியில் வைக்காமல், தரையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே முட்டுக்கொடுத்து வையுங்கள்.

இருவருக்கான கூடை எனக்கு 700 ரூபாய்க்குள் முடிகிறது. கண்ணாடிக்குப் பதிலாக எவர்சில்வர் டப்பாக்களையே பயன்படுத்துகிறேன். அவற்றில் இதுவரை ஏழு திரும்பி வரவில்லை. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.