வெற்றிடத்தில் ஏது காற்று?

கேள்வி: விண்வெளி வெறும் சூனியம் என்று பள்ளியில் படித்தோம். இப்போது சூரியக் காற்று, காந்த அலை, கொந்தளிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் அலை எப்படி அடிக்கும்? காது குத்துகிறார்களா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: காது குத்தவில்லை ஐயா, பள்ளியில் சொல்லிக்கொடுத்ததுதான் அரைகுறை. பூமிக்குப் பக்கத்து விண்வெளியில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் ஐந்து முதல் பத்து புரோட்டான்கள் இருக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். சூனியம் என்று தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் அந்த ஐந்தாறும் சூரியனிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வருகின்றன. இதுதான் சூரியக் காற்று.

இதே சந்தேகம் பெரிய ஆட்களுக்கும் வந்ததுதான். அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1958-இல் சூரியக் காற்றைக் கணக்குப் போட்டு எழுதியபோது, கட்டுரையைப் படித்துப் பார்த்த இரண்டு நிபுணர்களும் வேண்டாம் என்றார்கள். பத்திரிகையின் ஆசிரியர் நம் வானியற்பியலாளர் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கையில்லை. ஆனாலும் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, போட்டுவிட்டார். (எங்கள் குப்பைக்கூடை இதைப் படிக்காமல் இருக்கட்டும்.) 1962-இல் வெள்ளிக்குப் போன மாரினர் 2 விண்கலம் வழி நெடுக அந்தக் காற்றை அளந்தது.

சரி, அலை? இந்தத் துகள்கள் சூரியனிலிருந்து பூமி வரை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதே அபூர்வம். அவற்றைக் கட்டி வைத்திருப்பது காந்தப்புலம். மொட்டை மாடியில் ஈரத்துணி போட்ட கொடிக்கயிற்றை ஒரு முனையில் உதறிப் பாருங்கள். கயிறு விறைப்பாக இருந்தால் அலை வேகமாக ஓடும். துணி கூடக் கூட மெதுவாகும். இங்கே கயிறு காந்தக் கோடு, துணி புரோட்டான். ஸ்வீடன் இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்ஃவேன் 1942-இல் சொன்ன அலை இதுதான். பிறகு மாரினர் 5 அனுப்பிய தகவல்களைப் பார்த்தால், காற்றின் வேகமும் காந்தப்புலமும் ஜோடி போட்டுக்கொண்டு ஆடியிருக்கின்றன.

அப்புறம் கொந்தளிப்பு. டம்ளர் டீயில் கரண்டியைச் சுழற்றினால் பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழல்களாகும், அவை இன்னும் பொடியாகி, கடைசியில் வெப்பமாக அடங்கிவிடும். டீயில் அந்தச் சூடு நாக்குக்குத் தெரியாது. சூரியக் காற்றிலோ பத்து லட்சம் கிலோமீட்டர் அளவுள்ள அசைவுகள் உடைந்து உடைந்து நூறு கிலோமீட்டர் அளவுக்கு வந்து, அங்கே துகள்களைச் சூடேற்றுகின்றன. விரிந்துகொண்டே போகும் வாயு ஆறிப் போக வேண்டும். இதுவோ 15 கோடி கிலோமீட்டர் கடந்து வந்தும் ஏறத்தாழ லட்சம் டிகிரியில் நிற்கிறது. வழியில் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

விஞ்ஞானிகளுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. அது வேறு இடத்தில். 2018-இல் கிளம்பிய பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கியபோது, காந்தக் கோடுகள் கொண்டை ஊசி வளைவு போலத் திடீரென்று மடங்கி, மறுபடி நேராவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. அந்த வளைவுகள் சூரியனுக்குப் பக்கத்திலேயே பிறக்கின்றனவா, காற்று ஓடி வரும் வழியில் உண்டாகின்றனவா என்று இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.